நகரின் கொலை விகிதத்தை எதைக் கொண்டு கணிப்பது?

கொலைகளைத் தடுக்கப் பணம் ஒதுக்கும் எந்த நகர நிர்வாகத்துக்கும் முதலில் எழும் கேள்வி, எந்தத் தரவை நம்புவது என்பதுதான். வறுமை, ஏற்றத்தாழ்வு, இளைஞர்களின் பங்கு போன்ற சமூக அளவீடுகளைப் பார்ப்பதா, கடந்த ஆண்டுகளின் கொலைக் கணக்கையே பார்ப்பதா, உயிர் தப்பிய தாக்குதல்களையும் மருத்துவமனைக்கு வரும் காயங்களையும் பார்ப்பதா, ஆபத்தில் இருக்கும் தனி மனிதர்களைக் கணினியின் துணையோடு அடையாளம் காண்பதா என்று நான்கு வழிகள் நடைமுறையில் உள்ளன. நான்குக்கும் ஆதரவாளர்கள் உண்டு. நான்கிலும் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் ஒரு நகரில் மற்றொரு நகரைவிட ஏன் அதிகக் கொலைகள் நடக்கின்றன என்பது ஒரு கேள்வி. அதே நகரில் அடுத்த ஆண்டு கொலைகள் கூடுமா, குறையுமா என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கான விடையை எடுத்து இரண்டாவதற்குப் பொருத்தும்போதுதான் பெரும்பாலான கணிப்புகள் சறுக்குகின்றன.

ஒப்பீட்டுக்குள் போகுமுன் விகிதம் என்ற எண்ணையே சற்றுக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகத்தின் கணக்குப்படி 2021இல் உலகெங்கும் சுமார் 4,58,000 பேர் கொலையுண்டனர். ஒரு லட்சம் பேருக்கு 5.8 என்பது அவ்வாண்டின் உலகச் சராசரி, அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் அது 15. நாடுகளின் அளவில் ஓரளவு நிலையாகத் தோன்றும் இந்த எண், நகரங்களுக்கு இறங்கி வரும்போது நகர எல்லை எங்கே போடப்பட்டிருக்கிறது என்பதையே பெரிதும் சார்ந்துவிடுகிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரம் 1876இல் தன்னைச் சூழ்ந்த மாவட்டத்திலிருந்து பிரிந்து தனியானது. இன்று அதன் எல்லைக்குள் 3 லட்சம் பேரளவில் வாழ்கிறார்கள், சுற்றியுள்ள பெருநகரப் பகுதியிலோ ஏறத்தாழ 28 லட்சம் பேர். கொலைகள் குவியும் உட்பகுதியை மட்டும் வகுத்து விகிதம் கணக்கிடுவதால் அந்நகரம் தரவரிசைப் பட்டியல்களின் உச்சியில் அடிக்கடி நிற்கிறது. அமைதியான புறநகர்களையும் சேர்த்து எல்லை வகுத்துக்கொண்ட நகரத்தோடு அதை ஒப்பிட்டுப் பொருள் காண்பது வீண் வேலை.

இன்னொரு தடை, எண்கள் சிறியவை என்பது. 2 லட்சம் மக்கள் வாழும் நகரில் ஆண்டுக்குச் சராசரியாக 10 கொலைகள் நடப்பதாக வைத்துக்கொள்வோம், விகிதம் 5. அடிப்படைச் சூழலில் எந்த மாற்றமும் இல்லாமலே, தற்செயல் ஏற்ற இறக்கத்தால் மட்டும், அந்த எண்ணிக்கை ஓர் ஆண்டு 4 ஆகவும் இன்னோர் ஆண்டு 16 ஆகவும் வரக்கூடும். 14 கொலைகள் நடந்துவிட்டால் செய்திகள் 40 விழுக்காடு உயர்வு என்று எழுதும், நகரசபையில் பதவி விலகல் கோரிக்கைகள் எழும். ஆனால் 14 அல்லது அதற்கு மேற்பட்ட கொலைகள் என்பது இத்தகைய நகரில் ஏறத்தாழ ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை தானாகவே நேரக்கூடியது. அடுத்த ஆண்டு எண்ணிக்கை வழக்கமான அளவுக்குத் திரும்பும்போது, இடையில் எந்தத் திட்டம் அறிவிக்கப்பட்டதோ அதற்கே புகழ் போய்ச் சேரும். எந்த முன்கணிப்பு முறையைத் தேர்ந்தாலும் இந்த இரைச்சலைத் தாங்கும் திறன் அதற்கு உண்டா என்பதே முதல் சோதனை.

சமூகக் கட்டமைப்பு: ஆழமான விளக்கம், மந்தமான கணிப்பு

சமூக அளவீடுகளை நாடும் முதல் வழிக்கு நீண்ட ஆய்வு வரலாறு உண்டு. கென்னத் லேண்ட், பாட்ரிசியா மெக்கால், லாரன்ஸ் கோஹன் ஆகிய மூவரும் 1990இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் இன்றும் அடிக்கல்லாகக் கருதப்படுகிறது. 1960, 1970, 1980 ஆகிய ஆண்டுகளின் அமெரிக்கத் தரவை நகரம், பெருநகரப் பகுதி, மாநிலம் என மூன்று மட்டங்களில் ஆராய்ந்த அவர்கள், முந்தைய ஆய்வுகள் ஏன் ஒன்றுக்கொன்று முரண்பட்டன என்பதைக் காட்டினார்கள். வறுமை, வருமானம், ஏற்றத்தாழ்வு, சிதைந்த குடும்பச் சூழலில் வளரும் குழந்தைகளின் பங்கு ஆகியவை தனித்தனிக் காரணிகளாக இயங்குவதில்லை. ஒரே பகுதிகளில் ஒரே மக்கள்மீது அவை ஒன்றாகக் கவிகின்றன. அவற்றைத் தனித்தனி மாறிகளாகச் சமன்பாட்டில் போட்டால் ஒன்று மற்றொன்றின் விளைவைத் தின்றுவிடும். ஓர் ஆய்வில் வறுமை முக்கியமாகவும் மற்றோர் ஆய்வில் ஏற்றத்தாழ்வு முக்கியமாகவும் தோன்றுவது அதனால்தான். எல்லாவற்றையும் இணைத்து வளப் பற்றாக்குறை என்ற ஒரே அளவீடாக்கியபோது, மூன்று பத்தாண்டுகளிலும் மூன்று மட்டங்களிலும் அது கொலை விகிதத்தோடு வலுவாகத் தொடர்ந்து பொருந்தியது. மக்கள்தொகையின் அளவும் செறிவும், மணமுறிவு பெற்ற ஆண்களின் பங்கும் அவ்வாறே நிலைத்து நின்றன. பலரும் எதிர்பார்க்கும் வேலையின்மை அப்படி நிற்கவில்லை.

வறுமை ஒன்றே விதியாகிவிடுவதில்லை என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ராபர்ட் சாம்ப்சனும் உடன் ஆய்வாளர்களும் சிகாகோவின் 343 குடியிருப்புப் பகுதிகளில் 8,782 பேரிடம் நேர்காணல் நடத்தி 1997இல் வெளியிட்ட முடிவுகளில், அக்கம்பக்கத்தாரிடையே உள்ள நம்பிக்கையும், தெருவில் பிள்ளைகள் தவறு செய்தால் தலையிட்டுக் கேட்போம் என்ற எண்ணமும் வலுவாக உள்ள பகுதிகளில், அதே அளவு வறுமை நிலவினாலும் கொலைகள் குறைவாகவே இருந்தன. காவல்துறை மீதும் நீதிமன்றத்தின் மீதும் உள்ள நம்பிக்கையும் இதே வகையில் சேரும். அமெரிக்காவில் 1960களில் பத்தில் ஒன்பது கொலை வழக்குகளில் துப்பு துலங்கியது. அண்மை ஆண்டுகளில் அது பாதியளவுக்கு வந்துவிட்டது. கொன்றவன் பிடிபடமாட்டான் என்று தெரிந்த தெருவில், பழிவாங்கும் பொறுப்பை இறந்தவனின் நண்பர்களே ஏற்றுக்கொள்கிறார்கள்.

இவ்வளவு வலுவான விளக்கம் தரும் முறை, அடுத்த ஆண்டைக் கணிக்கும்போது தடுமாறுவதற்குக் காரணம் எளியது: வறுமையும் மக்கள்தொகை அமைப்பும் மெல்ல நகர்பவை, கொலை விகிதம் திடீரெனத் தாவுவது. நியூயார்க்கில் 1990இல் 2,200க்கும் மேற்பட்ட கொலைகள் நடந்தன, 2017இல் 292. அந்த இடைவெளியில் நகரின் வறுமை அந்த அளவில் சரிந்துவிடவில்லை. 2020இல் அமெரிக்கா முழுவதும் கொலைகள் ஒரே ஆண்டில் ஏறத்தாழ 30 விழுக்காடு உயர்ந்தன, பிறகு 2024இல் ஏறத்தாழ 15 விழுக்காடு குறைந்தன; எந்த வறுமைக் குறியீடும் இந்த இரண்டையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இளைஞர்களின் எண்ணிக்கையை வைத்துச் செய்த கணிப்பு இதைவிட மோசமாகத் தோற்றது. 1995இல் அமெரிக்க அரசியல் அறிவியலாளர் ஜான் டிலூலியோ, வளர்ந்துவரும் பையன்களின் எண்ணிக்கையை அடிப்படையாக வைத்து, இரக்கமே அற்ற ஒரு தலைமுறை வரப்போகிறது என்று எச்சரித்தார். பல மாநிலங்கள் சிறார் தண்டனைச் சட்டங்களைக் கடுமையாக்கிக்கொண்டிருந்த அதே காலத்தில், சிறார்கள் கொலைக்காகக் கைதாகும் விகிதம் சரியத் தொடங்கிப் பத்தாண்டுகளுக்குள் பாதிக்கும் கீழே போனது. தவறான கணிப்பு வெறும் தாளோடு நிற்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இத்துறையில் இல்லை.

நேற்றைய எண்

இரண்டாவது வழி கௌரவம் குறைந்தது, ஆனால் தோற்கடிக்கக் கடினமானது. கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரியே அடுத்த ஆண்டின் கணிப்பு என்று வைத்துக்கொண்டால், பல நகரங்களில் பல ஆண்டுகளுக்கு அது பெரிய பிழையின்றி வந்துவிடும். ஏனெனில் முதல் வழி பட்டியலிடும் வறுமை, அவநம்பிக்கை, ஆயுதப் புழக்கம் அனைத்தின் விளைவும் அந்த எண்ணுக்குள் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. மேலே சொன்ன 10 கொலைகளின் நகரத்தில், மூன்றாண்டுச் சராசரி எடுத்தால் தற்செயல் ஊசலாட்டம் 4–16 என்பதிலிருந்து ஏறத்தாழ 6–14 என்று குறுகுகிறது. செலவு எதுவும் இல்லை. விலை கொடுத்து வாங்கும் எந்த மென்பொருளும் முதலில் இந்த எளிய சராசரியை வென்று காட்ட வேண்டும். விற்பனையாளர்கள் பெரும்பாலும் இந்த ஒப்பீட்டைச் செய்து காட்ட முன்வருவதில்லை என்பது என் கவனிப்பு.

அதன் குறையும் வெளிப்படையானது: திருப்புமுனையை அது ஒருபோதும் சொல்லாது. எல் சால்வடாரில் 2012இல் இரு பெரும் குற்றக் குழுக்களிடையே உடன்பாடு ஏற்பட்ட சில வாரங்களில் கொலைகள் பாதிக்கும் கீழே இறங்கின. உடன்பாடு முறிந்த பின் 2015இல் விகிதம் லட்சத்துக்கு 100ஐத் தாண்டியது. கொலம்பியாவின் மெடலின் நகரில் 1991இல் ஏறத்தாழ 380ஆக இருந்த விகிதம், கால் நூற்றாண்டுக்குப் பின் 20ஐ ஒட்டி வந்தது. ஆயுதக் குழுக்களுக்கு இடையிலான போரும் சமரசமும் கொலை எண்ணிக்கையை ஆளும் நகரங்களில், நேற்றைய சராசரி நேற்றைய அரசியலைத்தான் சொல்கிறது.

உயிர் தப்பியவர்களின் கணக்கு

என் பார்வையில் அதிகம் புறக்கணிக்கப்படுவதும், ஆனால் நகர நிர்வாகத்துக்கு மிகவும் பயன்படக்கூடியதும் மூன்றாவது வழிதான். கொலை என்பது பெரும்பாலும் தாக்குதலின் ஒரு முடிவு மட்டுமே. குண்டு எந்த அங்குலத்தில் பாய்ந்தது, மருத்துவ ஊர்தி எத்தனை நிமிடத்தில் வந்தது, கையில் இருந்தது எந்த ஆயுதம் என்பவையே அதே சண்டையைக் காயமாகவோ கொலையாகவோ மாற்றுகின்றன. ஃபிராங்க்ளின் ஸிம்ரிங் 1968இல் சிகாகோவின் காவல் பதிவுகளை ஆராய்ந்து, துப்பாக்கித் தாக்குதல் கத்தித் தாக்குதலைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு உயிர்க்கொல்லியாக இருப்பதைக் காட்டினார். ஐம்பது ஆண்டுகள் கழித்து அந்தோணி பிராகாவும் பிலிப் குக்கும் பாஸ்டன் நகரின் துப்பாக்கிச் சூடுகளை எடுத்துக்கொண்டு, எல்லாச் சூடுகளும் குழல் விட்டம் சிறிதான துப்பாக்கிகளால் நடந்திருந்தால் துப்பாக்கிக் கொலைகள் சுமார் 40 விழுக்காடு குறைந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். சுட்டவனின் வெறி ஒன்றாகவே இருந்தாலும் ஆயுதம் மாறினால் கொலை விகிதம் மாறுகிறது.

ஆகவே கொலைகளை மட்டும் எண்ணாமல், உயிர் தப்பிய துப்பாக்கிச் சூடுகளையும் ஆழமான குத்துக் காயங்களையும் சேர்த்து எண்ணினால் கணிப்புக்கு இரட்டை ஆதாயம் கிடைக்கிறது. தாக்கப்படுபவர்களில் ஐந்தில் ஒருவர் இறப்பதாகக் கொண்டால், 10 கொலைகளின் நகரில் ஆண்டுக்கு 50 நிகழ்வுகள் பதிவாகும்; தற்செயல் ஊசலாட்டம் எண்ணிக்கையின் 32 விழுக்காட்டிலிருந்து 14 விழுக்காடாகக் குறையும். அதோடு, ஆண்டு முடியும்வரை காத்திராமல் மூன்று நான்கு மாதங்களிலேயே மாற்றத்தின் திசை தெரிந்துவிடும். பழிக்குப் பழி என்று நகரும் சூடுகளில் முதல் காயத்துக்கும் அடுத்த கொலைக்கும் இடையே கிடைக்கும் அந்த அவகாசமே தடுப்புப் பணியின் மூலதனம்.

இந்தத் தரவைக் காவல்துறையிடமிருந்து மட்டும் எடுப்பது போதாது. பயத்தாலோ, தானும் குற்றத்தில் சம்பந்தப்பட்டிருப்பதாலோ, காயமுற்றவர்களில் பெரும்பங்கினர் புகார் கொடுப்பதே இல்லை. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் முகத்தாடை அறுவை மருத்துவரான ஜொனாதன் ஷெப்பர்ட் உருவாக்கிய முறை இதற்கு நல்ல தீர்வு. அவசரப் பிரிவுக்குக் காயத்தோடு வருபவரிடம் வரவேற்பு மேசையில் இருப்பவர் சில கேள்விகள் மட்டும் கேட்கிறார்: எங்கே நடந்தது, எப்போது நடந்தது, எதனால் தாக்கினார்கள். பெயர் நீக்கப்பட்டு அந்த விவரம் மட்டும் நகர நிர்வாகத்துக்கும் காவல்துறைக்கும் போகிறது. எந்த மதுக்கூடத்தின் வாசலில், எந்தக் கிழமை, எத்தனை மணிக்குக் கண்ணாடிக் குவளைகள் ஆயுதமாகின்றன என்பது வரைபடத்தில் தெரிந்துவிடுகிறது. 2011இல் வெளியான மதிப்பீட்டின்படி, ஒத்த பிற நகரங்களோடு ஒப்பிடும்போது வன்முறைக் காயங்களுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்படுவோர் எண்ணிக்கை கார்டிஃபில் 42 விழுக்காடு குறைந்தது. இம்முறைக்குப் பெரிய கணினி அமைப்பு எதுவும் தேவைப்படவில்லை. வேலைப் பளுவில் திணறும் அவசரப் பிரிவில் அந்தக் கேள்விகளை நாள்தோறும் விடாமல் கேட்க வைப்பதுதான் கடினம். பல இடங்களில் இத்தகைய முயற்சிகள் வலுவிழப்பதும் அங்கேதான்.

இடமும் நேரமும் தெரிந்துவிட்டால் கணிப்பு நேராகச் செயலாக மாறும். கொலம்பியாவின் காலி நகரில் தொற்றுநோயியல் படித்தவரான ரோட்ரிகோ குர்ரேரோ 1990களின் தொடக்கத்தில் மேயராக வந்தபோது, கொலைகள் வார இறுதிகளிலும் சம்பளம் கைக்கு வந்த நாட்களை ஒட்டியும் விடுமுறை நாட்களிலும் குவிவதைக் கண்டு, அந்த நாட்களில் மட்டும் துப்பாக்கி எடுத்துச் செல்வதைத் தடைசெய்தார். அந்தத் தடை நடப்பில் இருந்த நாட்களில் கொலை விகிதம் 14 விழுக்காடு குறைவாக இருந்ததென்று பின்னர் மதிப்பிடப்பட்டது. இதையே பின்பற்றிய போகோட்டாவில் 13 விழுக்காடு. பிரேசிலின் டியாடெமா நகரம் 2002இல் மதுக்கூடங்களை இரவு 11 மணிக்கு மூடச் செய்தபோது மாதத்துக்கு 9 கொலைகள் அளவில் தவிர்க்கப்பட்டன. ஃபிலடெல்ஃபியாவில் பாழடைந்து கிடந்த காலி மனைகளைத் துப்புரவாக்கிப் புல் வளர்த்ததால், வறுமை மிகுந்த பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 விழுக்காடு குறைந்ததாக 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. இவற்றில் எதுவும் வறுமையை ஒழிக்கவில்லை. வறுமை கொலையாக மாறும் மணியையும் மூலையையும் மட்டும் தொட்டன.

தனி மனிதர்களைக் கணிப்பது

நான்காவது வழிக்குத்தான் இப்போது அதிக ஆரவாரம். அதன் அடிப்படை உண்மையானது: வன்முறை ஒரு நகர மக்கள் அனைவரிடமும் சமமாகப் பரவியிருப்பதில்லை. சிகாகோவில் 2006 முதல் 2014 வரை நடந்த 11,123 துப்பாக்கிச் சூட்டு நிகழ்வுகளை ஆண்ட்ரூ பாபகிறிஸ்டோஸும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்தபோது, அவற்றில் 63 விழுக்காடு, முன்பு ஒன்றாகக் கைதானவர்களின் உறவு வலை வழியாக ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பரவியவை என்றும், ஒருவர் சுடப்பட்டதற்கும் அவரோடு தொடர்புடைய அடுத்தவர் சுடப்பட்டதற்கும் இடையே சராசரியாக 125 நாட்கள் இருந்தன என்றும் கண்டார்கள். அதே நகரின் தரவைக் கொண்டு 2022இல் வெளியான மற்றோர் ஆய்வில், மிக அதிக ஆபத்தில் இருப்பதாகக் கணினி தேர்ந்த 500 பேரில் 13 விழுக்காட்டினர் அடுத்த 18 மாதங்களில் சுடப்பட்டார்கள். சராசரி நகரவாசியைவிட இது 130 மடங்கு.

இந்த எண்ணை இரண்டு வகையாகப் படிக்கலாம். 500 பேரில் 65 பேர் சுடப்படப் போகிறார்கள் என்றால், அவர்களுக்கு வேலையும் ஆலோசனையும் வேறு வீடும் ஏற்பாடு செய்வது மிகச் சிக்கனமான உயிர்காப்பு. அதே பட்டியலைக் காவலரின் கையில் சந்தேகப் பட்டியலாகக் கொடுத்தால், சுடப்படாத 435 பேரும் கண்காணிப்புக்கு உள்ளாவார்கள். சிகாகோ காவல்துறை 2010களில் பயன்படுத்திய இத்தகைய பட்டியலின் ஆரம்ப வடிவத்தை மதிப்பிட்டு 2016இல் வெளியான ஆய்வு, பட்டியலில் இருந்தவர்கள் கொலைக்கு ஆளாவது குறையவில்லை, ஆனால் அவர்கள் கைதாகும் வாய்ப்புக் கூடியது என்று கண்டது. 2019இன் இறுதியில் அது கைவிடப்பட்டது. இங்கே பட்டியல் எவர் கைக்குப் போகிறது என்பது கணிப்பின் துல்லியத்தைவிட முக்கியமாகிவிட்டது. பாஸ்டனில் 1996இல் தொடங்கிய முயற்சி இதே செறிவை வேறுவிதமாகக் கையாண்டது: குழுக்களில் இருந்த இளைஞர்களை நேரில் அழைத்து, சுட்டால் என்ன நேரும் என்பதையும், விலகினால் என்ன உதவி உண்டு என்பதையும் ஒரே மேடையில் சொன்னார்கள், இளைஞர் கொலைகள் 63 விழுக்காடு குறைந்ததாக மதிப்பிடப்பட்டது.

இந்த நான்கு வழிகளும் பெரும்பாலும் தவறவிடும் ஒரு வகை உண்டு. 2017இல் உலகில் கொல்லப்பட்ட பெண்களில் 58 விழுக்காட்டினர் இணையராலோ குடும்பத்தினராலோ கொல்லப்பட்டார்கள். தெருக் கொலைகள் பாதியாகக் குறையும் நகரத்திலும் இவை அதே வேகத்தில் குறைவதில்லை. உறவு வலையோ மதுக்கூட நேரமோ இவற்றைச் சுட்டுவதில்லை. இங்கே முன்னறிகுறிகள் வேறு: ஜாக்குலின் கேம்ப்பெல் 1985இல் உருவாக்கிய ஆபத்து மதிப்பீட்டு வினாக்கள், வீட்டில் துப்பாக்கி உண்டா, கொன்றுவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறாரா, கழுத்தை நெரித்ததுண்டா என்று கேட்கின்றன. முன்பு கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னர் அதே கையால் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல் என்று 2008இல் ஓர் ஆய்வு காட்டியது. மொத்தக் கொலை விகிதத்தை ஒரே எண்ணாகக் கணிக்கும் நகரம் இந்தப் பெண்களைக் கணக்குக்கு வெளியே விட்டுவிடுகிறது.

அப்படியானால் எதைத் தேர்வது? பத்தாண்டுக் கணக்கில் பள்ளி, வீட்டுவசதி, வருமான உதவி ஆகியவற்றை எந்தப் பகுதிக்குத் தருவது என்ற முடிவுக்குச் சமூக அளவீடுகளே சரியான வழிகாட்டி; அவற்றை அடுத்த ஆண்டின் வானிலை அறிக்கைபோல் பயன்படுத்தக் கூடாது. வரும் ஆண்டின் வரவு செலவுக்கு மூன்றாண்டுச் சராசரியை அடித்தளமாக வைத்து, அதன்மேல் மருத்துவமனைக் காயக் கணக்கையும் உயிர் தப்பிய சூடுகளின் கணக்கையும் மாதந்தோறும் சேர்த்துத் திருத்திக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன். ஆண்டுக்கு 20 கொலைகளுக்கும் குறைவாக நடக்கும் நகரத்துக்கு இதற்கு மேல் எந்தச் சிக்கலான கணிப்பு மாதிரியும் பயன் தராது. பயிற்சி அளிக்கப் போதிய நிகழ்வுகளே அங்கு இல்லை. நூற்றுக்கணக்கில் கொலைகள் நடக்கும் பெருநகரத்தில் தனி மனிதக் கணிப்புக்கு இடமுண்டு. ஆனால் பட்டியல் சுகாதாரத் துறையிடமோ சமூகப் பணியாளர்களிடமோ மட்டுமே இருக்கும், குற்ற வழக்கில் அது சான்றாகப் பயன்படாது என்பதைத் தரவு கைமாறும் முன்பே சட்டத்தில் எழுதிவிட வேண்டும். குடும்பக் கொலைகளுக்குத் தனிக் கணக்கும் தனி நிதியும் தேவை.

கணிப்பை வெளியிடும்போது ஒற்றை எண்ணாகக் கொடுக்காமல், 4 முதல் 16 வரை என்பதுபோல் வரம்பாகவே கொடுக்க வேண்டும்; உண்மை எண் அந்த வரம்புக்குள் விழுந்தால் எவரும் வெற்றி கொண்டாடவோ பதவி விலகவோ தேவையில்லை. ஆண்டு முடிந்ததும் எளிய சராசரி எவ்வளவு தவறியது, விலை கொடுத்து வாங்கிய மாதிரி எவ்வளவு தவறியது என்று இரண்டையும் அருகருகே வைத்து வெளியிடும் நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுவது நல்லது. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சராசரியே வென்றால், அந்தப் பணத்தை அவசரப் பிரிவின் வரவேற்பு மேசையில் இன்னொருவரை நியமிக்கப் பயன்படுத்தலாம்.